ஓசையின்றி வந்த வண்டி



இப்பொழுது நீங்கள் என் முகத்தைக் காணவில்லை. குரலை மட்டுமே கேட்கின்றீர்கள். ஆயினும் பேசுபவர் இளைஞரா முதியவரா, விரைந்து பேசுகின்றாரா நிதானித்துப் பேசுகின்றாரா என்பனவற்றை அக்குரல் ஒன்றைக் கொண்டே ஒருவாறு உணர்ந்துகொள்கின்றீர்கள். கண்ணொளி இழந்த ஒருவர் தெருவில் நடந்து செல்லும்பொழுது அவருக்கு உலகம் முழுவதுமே இவ்வாறு ஒரு வானொலியாக இருக்கின்றது. வண்டியின் குரலைக் கேட்டு, அது பெரிதா சிறிதா, நெருங்குகின்றதா விலகுகின்றதா, நிற்கப்போகின்றதா திரும்பப்போகின்றதா என்பதை அவர் அறிகின்றார். அந்தக் குரல் ஒருநாள் அடங்கிப்போயிற்று. அவ்வாறு அடங்கிய வரலாற்றையும், அதனை மீண்டும் எழுப்புவதற்குப் பார்வையற்ற மக்கள் பல ஆண்டுகள் பாடுபட்ட வரலாற்றையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

ஓசையற்ற வண்டி நம் காலத்துப் புதுமை என்று எண்ணிவிடுதல் வேண்டா. வட அமெரிக்காவில் முற்காலத்தில் பனி பெய்யத் தொடங்கியதும் மக்கள் சக்கர வண்டிகளை ஒதுக்கிவிட்டுச் சறுக்கு வண்டிகளில் குதிரையைப் பூட்டுவர். சக்கரத்தின் கடகடப்பு அதில் இல்லை. குளம்பொலியும் பனியில் புதைந்துவிடும். சாலைத் திருப்பத்தில் எதிரே வருவது தெரியாமல் மோதிக்கொள்ளும் அபாயம் மிகுந்திருந்தது. ஆகவே குதிரைக்கு மணிகள் கட்டினர். பல இடங்களில் மணியின்றிச் சறுக்கு வண்டி ஓட்டுவதைச் சட்டமே தடுத்தது. கிறிஸ்துமஸ் வாழ்த்து மடல்களில் நாம் காணும் அந்த மணிகள் அழகுக்காக மட்டும் கட்டப்பட்டவை அல்ல.

இங்கிலாந்தில் 1865-ஆம் ஆண்டு ஒரு சட்டம் செய்தார்கள். நீராவியால் இயங்கும் வண்டி சாலையில் செல்லும்பொழுது, அதற்கு 60 கஜம் முன்னால் ஒருவர் செங்கொடி ஏந்தி நடந்து செல்லவேண்டும். வேகமோ நகரத்தில் மணிக்கு 2 மைல், நாட்டுப்புறத்தில் 4 மைல். இதனைப் படித்து நகைக்காதவர் இலர். 1896-இல் வந்த புதிய சட்டம் முன்னால் நடக்கும் ஆளை நீக்கிற்று. இலகுவான மோட்டார் வண்டிகள் 14 மைல் வேகம் வரை செல்ல இடங்கொடுத்தது. வரலாற்று நூலோர் இந்த வேக வரம்பைப் பற்றியே விரிவாக எழுதுவர். எனக்கோ அதே சட்டத்தில் உள்ள மற்றொரு விதிதான் பெரிதாகத் தோன்றுகின்றது. ஒவ்வொரு வண்டியும், தான் வருவதைச் செவிப்புலப்படத் தெரிவிக்கும் மணியையேனும் வேறு கருவியையேனும் கொண்டிருக்கவேண்டும் என்பது அவ்விதி. வண்டி வருவதை எப்படியேனும் தெரிந்துகொள்வது நடப்பவன் பாடு என்று அச்சட்டம் விட்டுவிடவில்லை; தெரிவிக்கும் கடமையை வண்டியின்மேல் சுமத்திற்று. இந்தக் கருத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டே, 1897-இல், வால்ட்டர் பெர்சி என்ற பொறியியலாளர் அமைத்த மின்சார வாடகை வண்டிகள் லண்டன் தெருக்களில் ஓடத் தொடங்கின. அவை எழுப்பிய மெல்லிய ரீங்காரத்தைக் கேட்ட மக்கள் அவற்றுக்கு 'ரீங்காரச் சிட்டு' என்று பெயரிட்டனர். அமெரிக்காவிலும் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மின்சார வண்டிகள் நிரம்ப ஓடின. புகை இல்லை, நாற்றம் இல்லை, இரைச்சல் இல்லை என்பதே அவற்றின் பெருமை. ஆனால் மலிவான பெட்ரோலும், 1912-இல் காடிலாக் வண்டியில் வந்த மின்விசைத் தொடக்கியும் போட்டியைப் பெட்ரோல் வண்டியின் பக்கம் சாய்த்துவிட்டன. கையால் எஞ்சினைச் சுழற்றவேண்டிய தொல்லை ஒழிந்ததும், உறுமும் வண்டியே உலகை ஆண்டது. அந்த உறுமலை எவரும் எச்சரிக்கைக்காகப் படைக்கவில்லை. எஞ்சினுக்குள் பெட்ரோல் வெடித்து எரிவதன் விளைவு அது. வேண்டாத விருந்தாளி என்றே சொல்லலாம். ஆனால் அந்த விருந்தாளியை நம்பி ஒரு கூட்டத்தார் வாழக் கற்றுக்கொண்டார்கள்.

அவர்கள் எவ்வாறு கற்றுக்கொண்டார்கள் என்பதைப் பார்ப்போம். 1921-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜேம்ஸ் பிக்ஸ் என்பவர் ஒரு விபத்தில் பார்வையை இழந்தார். அவர் வீட்டைச் சுற்றி மோட்டார் வண்டிகள் பெருகிவந்தன. வண்டியோட்டிகளின் கண்ணுக்குத் தாம் எளிதில் புலப்படவேண்டும் என்று கருதித் தம் கைத்தடிக்கு வெள்ளை வண்ணம் பூசிக்கொண்டார். 1930-இல் அமெரிக்காவின் பியோரியா நகர மன்றம், வெள்ளைத் தடி ஏந்தியவருக்குச் சாலையில் வழிவிடவேண்டும் என்று விதி செய்தது. பின்னர் மாநிலங்கள் பலவும் இதனைப் பின்பற்றின.

இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்து திரும்பிய படைவீரர்களுக்குப் பென்சில்வேனியாவிலுள்ள ராணுவ மருத்துவமனை ஒன்றில் ரிச்சர்டு ஹூவர் என்பவர் புதியதொரு முறையைப் பயிற்றினார். குட்டையான தடியை ஊன்றுகோலாகப் பிடிப்பதற்கு மாறாக, நீண்டு மெலிந்த தடியை இடமும் வலமுமாக வீசித் தட்டி, அடுத்த அடி வைக்கவேண்டிய இடத்தை முன்கூட்டியே தடவிப் பார்த்துச் செல்லும் முறை அது. உலகெங்கும் இன்று பயிற்றப்படும் முறைக்கு அடிப்படையும் அதுவே. படிக்கட்டையும் பள்ளத்தையும் தடி சொல்லிவிடும். ஆனால் 30 அடிக்கு அப்பால் வரும் வண்டியைத் தடியால் தொட முடியாது. அங்கே செவிதான் துணை.

பார்வையற்ற ஒருவர் நாற்சந்தியைக் கடக்கும் முறையை நீங்கள் அருகிலிருந்து கவனித்ததுண்டா? அவர் ஓரத்தில் வந்து நின்றதும் உடனே கடக்கமாட்டார். விளக்கு மாறி மாறி எரியும் ஒழுங்கை இரண்டொரு முறை காதாலேயே அளந்து பார்ப்பார். தமக்குக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் வேகந்தணிந்து நிற்கும் ஓசை முதலில் கேட்கும். பிறகு, தாம் செல்லவேண்டிய திசையிலேயே பக்கத்தில் காத்து நின்ற வண்டிகள் ஒருங்கே உறுமிப் புறப்படும். பச்சை விளக்கு எரிவதை அவர் காண்பதில்லை. அந்த உறுமலே அவருக்குப் பச்சை விளக்கு. அதனைக் கேட்டதும் அடியெடுத்து வைப்பார். பக்கத்தில் ஓடும் வண்டிகளின் ஓசையை ஒரு கோடுபோல் வைத்துக்கொண்டு, கோணாமல் எதிர்க்கரை சேர்வார். சந்தியில் நின்றுகொண்டே முணுமுணுக்கும் ஒரு வண்டி, தம் வழியில் திரும்பக் காத்திருக்கின்றது என்பதையும் அந்த முணுமுணுப்பே அவருக்குச் சொல்லும். இதனைப் பேச்சுக்கு ஒப்பிடலாம். வெள்ளைத் தடி, நடப்பவர் வண்டியோட்டியிடம் சொல்லும் சொல். எஞ்சின் ஓசை, வண்டி அவருக்குக் கொடுக்கும் மறுமொழி.

இந்த உரையாடலுக்குப் பின்னே ஓர் உரிமையும் உண்டு. சிறுவயதில் ஏற்பட்ட விபத்தால் கண்ணிழந்து, பிற்காலத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ஜேக்கபஸ் டென்புரூக், 1940-இல் பார்வையற்றோர் தேசியச் சம்மேளனத்தை நிறுவினார். 1966-இல் சட்ட ஏடு ஒன்றில் அவர் எழுதிய கட்டுரை அமெரிக்கச் சட்ட அறிஞரிடையே புகழ்பெற்றது. உடற்குறை உள்ளோரும் தெருவிலும் பொது இடங்களிலும் நடமாட உரிமையுடையவர். ஆகையால் அவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தே பிறர் கவனமாக நடக்கவேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். தனியே வெளியில் வந்தது உன் தவறு என்று அடிபட்டவரையே குறை கூறும் வழக்கத்தை அவர் எதிர்த்தார். அவர் 1968-இல் மறைந்தார். அவர் நிறுவிய சம்மேளனந்தான் இவ்வரலாற்றின் பிற்பகுதியில் முன்னணியில் நின்றது.

1997-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் பிரியஸ் என்னும் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2000-இல் அது அமெரிக்கா சென்றது. பெட்ரோல் எஞ்சின் ஒன்றும் மின்சார மோட்டாரும் இணைந்து ஓட்டும் கலப்பு வண்டி இது. ஹைப்ரிட் என்பது உலக வழக்கு. நிறுத்தியை அழுத்தும்பொழுது வீணாகும் விசையை இது மின்சாரமாக்கிச் சேமித்துக்கொள்ளும். மெல்லச் செல்லும்பொழுது மோட்டார் மட்டுமே இழுக்கும். சந்தியில் நின்றால் எஞ்சின் தானே அணைந்துவிடும். எண்ணெய்ச் செலவும் புகையும் இதனாற் குறைந்தன. நல்ல பொறியியல்தான், ஐயமில்லை. ஆனால் நான் முன்னர்ச் சொன்ன சந்தியை நினைத்துப் பாருங்கள். காத்திருக்கும்பொழுது முணுமுணுப்பு இல்லை. புறப்படும்பொழுது உறுமல் இல்லை. மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போனால் டயர் தரையில் உராயும் ஓசையும் காற்றின் ஓசையும் எந்த வண்டியையும் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குக் கீழ்ப்பட்ட வேகத்தில், அதாவது சந்தியிலும், வண்டி நிறுத்துமிடத்திலும், வீட்டு வாயிலிலிருந்து நடைபாதையைக் கடந்து பின்னோக்கி வரும்பொழுதும், அது நிழல்போல் வந்து நின்றது. நடப்பவர்கள் வண்டிகளோடு மிக நெருங்கிப் பழகும் இடங்களும் அவையே.

சம்மேளனத்தார் இதனை 2000-த்திற்குப் பின் சில ஆண்டுகளிலேயே உணர்ந்து முறையிட்டனர். முதலில் எவரும் பெரிதாகச் செவிசாய்க்கவில்லை. இதனால் அடிபட்டவர் எத்தனை பேர், கணக்கு எங்கே என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதே, ஆனால் விபத்துக் கணக்கு சேரும்வரை விபத்துகள் நடக்கட்டும் என்பதும் அதனுள் அடங்கியிருந்தது. வேறு சிலர், நகரத்து இரைச்சல் உடல்நலத்துக்குக் கேடு என்று பல்லாண்டு போராடி இப்பொழுதுதான் அமைதி கிடைக்கின்றது, அதனையும் கெடுப்பதா என்றனர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. இரைச்சல் கேடுதான், அதனால் துன்புறுவோரில் பார்வையற்றோரும் அடங்குவர். பெருங்கூச்சலில் அவர்களுக்கு வேண்டிய ஓசைகளும் மூழ்கிவிடுமல்லவா? அவர்கள் கேட்டது கூச்சல் அன்று. கவனித்தால் கேட்கும் அளவு ஓசை. இன்னும் சிலர், வண்டியிலிருந்து வரும் வானொலி அலையை உணரும் கருவி ஒன்றைப் பார்வையற்றோர் கையில் கொடுத்துவிடலாம் என்றனர். சம்மேளனத்தார் உடன்படவில்லை. கருவியை வாங்குவதும் சுமப்பதும் பழுதுபார்ப்பதும் நடப்பவர் தலையில் விழும். அது கையில் இல்லாத நாளில் அவர் அடிபட்டால் குற்றமும் அவர்மேல் விழும். மேலும் குழந்தைகளும் மிதிவண்டிக்காரர்களும் அக்கருவியை வைத்திருக்கமாட்டார்கள். 1896-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கருத்து இங்கே மறுபடியும் தலைகாட்டுவதைக் காண்கின்றீர்கள்.

கணக்கு கேட்டவர்களுக்கு விடை இரண்டு வழியாக வந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் உளநூற் பேராசிரியரான லாரன்ஸ் ரோசன்புளூம் 2008-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். மணிக்கு 5 மைல் வேகத்தில் நெருங்கிவரும் கலப்பு வண்டியின் ஓசையையும் பெட்ரோல் வண்டியின் ஓசையையும் பதிவுசெய்து, ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்களைக் கேட்கச் செய்தார். வண்டி இடப்புறமிருந்து வருகின்றதா வலப்புறமிருந்தா என்பதை அறிந்தவுடன் அவர்கள் சொல்லவேண்டும். பெட்ரோல் வண்டியைவிட நூற்றுக்கு 40 பங்கு அதிகம் நெருங்கி வந்த பிறகே கலப்பு வண்டியை அவர்களால் உணர முடிந்தது. அத்தனை மெதுவான வேகத்திலும் ஒதுங்குவதற்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவு சுருங்கிவிடுகின்றது.

மற்றொன்று, அமெரிக்க அரசின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2009 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை. 12 மாநிலங்களின் விபத்துப் பதிவுகளிலிருந்து 8,387 கலப்பு வண்டிகளையும் 5,59,703 பெட்ரோல் வண்டிகளையும் ஒப்பிட்டனர். நடப்பவர்மேல் மோதியவை கலப்பு வண்டிகளில் 77. அதாவது நூற்றுக்கு 0.9. பெட்ரோல் வண்டிகளில் 3,578; நூற்றுக்கு 0.6. வேகந்தணிந்து நிற்றல், பின்னோக்கிச் செல்லல், நிறுத்துமிடத்தினுள் நுழைதல், வெளியேறுதல் ஆகிய மெதுவான செயல்களை மட்டும் பிரித்துப் பார்த்தபொழுது, கலப்பு வண்டி நடப்பவர்மேல் மோதும் வாய்ப்பு இருமடங்காக இருந்தது. மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 77 என்பது சிறிய எண். அதனைக் கொண்டு அளவுக்கு மீறிப் பேசலாகாது. அடிபட்டவர்கள் பார்வையற்றவர்கள் என்றும் அவ்வறிக்கை சொல்லவில்லை. நடப்போர் அனைவரையும் பற்றியது அது. உண்மையில் அதுவே இதன் சிறப்பு. பார்வையற்றோர் முதலில் உணர்ந்து சொன்ன ஆபத்து, கண்ணுள்ளோருக்கும் இருந்திருக்கின்றது. நாமும் கண்ணால் மட்டும் தெருவைக் கடப்பதில்லை. முதுகுப்புறம் வருவதைச் செவிதானே நமக்குச் சொல்லுகின்றது?

அதன்பின் காரியம் விரைந்தது. 2010-இல் வண்டி உற்பத்தியாளர் சங்கங்களும் பார்வையற்றோர் அமைப்புகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரசின் இரு சபைகளும் நடப்போர் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றின. 2011 ஜனவரி 4-ஆம் நாள் ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்டார். மூன்றாண்டுகளுக்குள் விதிகளை வகுக்கவேண்டும் என்றது சட்டம். ஆனால் விரைந்த காரியம் அங்கே படுத்துவிட்டது. எவ்வளவு ஓசை, எத்தகைய ஓசை, எந்த வேகம் வரை என்ற விவாதம் நீண்டு, முடிவான விதி 2016-இன் இறுதியில்தான் வெளிவந்தது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் வரை மின்சார வண்டியும் கலப்பு வண்டியும் ஓசை எழுப்பவேண்டும் என்றது அது. இவ்வண்டிகள் அனைத்தும் ஓசை பெற்றபின் ஆண்டுக்கு 2,400 பேர் காயமுறுவது தடுக்கப்படும் என்று நிர்வாகம் மதிப்பிட்டது. நிறைவேற்றும் நாளோ 2019-இலிருந்து 2020-க்கும், பெருந்தொற்றுக் காலத்தில் 2021 மார்ச்சு 1-ஆம் நாளுக்கும் தள்ளிப்போயிற்று. சட்டத்தில் கையொப்பமிட்ட நாளிலிருந்து பத்தாண்டுகளுக்கு மேல்!

ஜப்பான் இவ்வளவு தாமதிக்கவில்லை. 2010 ஜனவரியிலேயே அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் டொயோட்டா நிறுவனம் பிரியஸ் வண்டியில் பொருத்தத்தக்க ஒலிக்கருவியை 12,600 யென் விலைக்கு விற்கத் தொடங்கியது. ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் வண்டி விதிகளை வகுக்கும் குழுவில் உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் தன் வாதத்தை எடுத்துரைத்தது. அங்கே பிறந்த 138-ஆம் விதி 2016-இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜூலை முதல் புதிய வகை வண்டிகளுக்கும், 2021 ஜூலை முதல் புதிதாக விற்கும் எல்லா மின்வண்டிகளுக்கும் கலப்பு வண்டிகளுக்கும் ஒலிக்கருவியைக் கட்டாயமாக்கிற்று. நம் நாட்டிலும் 2025 செப்டம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மின்சாரக் கார்களுக்கும் பஸ், லாரிகளுக்கும் இத்தகைய கருவியைக் கட்டாயமாக்கும் வரைவு விதியை வெளியிட்டது. அவ்வரைவில் இருசக்கர வண்டிகள் இடம்பெறவில்லை. நம் தெருக்களில் சந்தடியின்றி முதுகுப்புறம் வந்து நிற்பனவோ பெரும்பாலும் அவைதாம்.

ஐக்கிய நாடுகளின் விதி கேட்கும் ஓசை பெரிதன்று. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் 50 டெசிபெல், 20 கிலோமீட்டரில் 56 டெசிபெல் இருந்தால் போதும்; 75-க்கு மேல் போகலாகாது. இருவர் அமைதியாக உரையாடும் ஒலி ஏறத்தாழ 60 டெசிபெல் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒலியின் அளவோடு சுருதியையும் அவ்விதி கவனித்தது. வேகம் ஒவ்வொரு கிலோமீட்டர் கூடும்பொழுதும் சுருதி 0.8 விழுக்காடேனும் உயரவேண்டும். வண்டி விரைகின்றதா தணிகின்றதா என்பதை அப்பொழுதுதான் செவி உணரும். பழைய எஞ்சின் கூலியின்றிச் செய்துவந்த வேலையை இப்பொழுது கணக்கிட்டுச் செய்யவேண்டியிருக்கின்றது.

ஒரு வேறுபாடு மட்டும் நீங்கவில்லை. புறப்படும் நிலையில் நிற்கும் வண்டியும் ஓசை எழுப்பவேண்டும் என்றது அமெரிக்க விதி. ஐக்கிய நாடுகளின் விதி நின்ற வண்டிக்கு அதனைக் கட்டாயமாக்கவில்லை. நாற்சந்தியில் காத்து நிற்கும் வண்டியின் முணுமுணுப்பைப் பற்றி முன்னர்ச் சொன்னேன். அதனால் இவ்விடயத்தில் அமெரிக்க விதியே மேலானது என்பது என் கருத்து. வண்டியோட்டி விரும்பினால் ஓசையை நிறுத்திவைக்கும் பொத்தானுக்கு ஜெனீவாவில் தொடக்கத்தில் இடமிருந்தது. பார்வையற்றோர் அதனை எதிர்த்தனர். பின்னர் அப்பொத்தானுக்கும் தடை வந்தது.

ஓசை சட்டமான பிறகு, அது யாருடைய ஓசை என்ற கேள்வி எழுந்தது. ஒரே வகை வண்டிகள் எல்லாம் ஒரே ஓசையை எழுப்பவேண்டும் என்பது அமெரிக்க விதி. உரிமையாளர் தமக்குப் பிடித்த ஓசையைப் பலவற்றிலிருந்து தெரிந்தெடுக்க விடலாமா என்று நிர்வாகம் 2019-இல் யோசித்தது. 2022-இல் அந்த யோசனையைக் கைவிட்டது. அதே 2022-இல் டெஸ்லா நிறுவனம் தன் மின்வண்டிகள் 5,78,000-க்கு மேற்பட்டவற்றைத் திருத்தவேண்டி வந்தது. வண்டி ஓடும்பொழுதே வெளிப்புற ஒலிபெருக்கியில் பாட்டும் வேடிக்கை ஒலிகளும் போட்டுக்கொள்ளும் வசதியை அந்நிறுவனம் கொடுத்திருந்தது. அப்பாட்டு எச்சரிக்கை ஓசையை மறைத்துவிடும் என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. ஓடும் வண்டியில் அவ்வசதி இயங்காதவாறு மென்பொருளை மாற்றினார்கள்.

இவ்விதிகள் எல்லாம் புதிதாகச் செய்யப்படும் வண்டிகளுக்கே உரியன. பிரியஸ் அமெரிக்கத் தெருக்களில் இறங்கிய 2000-த்திற்கும் விதி முழுமையாக நடைமுறைக்கு வந்த 2021-க்கும் இடையே விற்ற வண்டிகளில் ஒலிக்கருவி இல்லாதவை பல. அவற்றுக்குப் பின்னர் அதனைப் பொருத்தவேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்லவில்லை. அவை கழிந்துபோகும் வரையில், அங்கே சந்தியோரம் வெள்ளைத் தடியுடன் நிற்பவர், கேட்கின்ற வண்டிகள் போக, கேளாத வண்டி ஒன்றும் அங்கு நிற்கக்கூடும் என்று எண்ணியே அடியெடுத்து வைக்கவேண்டியிருக்கின்றது.